அண்ணா பெயருக்குத்தான் இயக்குநர்

வாசகர் கேள்வி: லெஸ்டரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2012இல் லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்தோம். நான், மனைவி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணா ஆகிய மூவரும் இயக்குநர்கள். தொடக்கத்தில் பணம் போட்டு உதவினார் என்பதற்காக அண்ணாவைப் பெயருக்குச் சேர்த்தோம். அவர் கடையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பங்கு எனக்கு அறுபது வீதம், அண்ணாவுக்கு முப்பது, மனைவிக்குப் பத்து. இப்போது இயக்குநர்கள் எல்லோரும் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. பதிவேட்டில் உள்ள கம்பனி விவரங்கள் சரி என்று ஆண்டுதோறும் கொடுக்கும் உறுதிப்படுத்தல் அறிக்கைக்கான எங்கள் தேதி ஆகஸ்ட் 9. அண்ணாவிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் உண்டு. அவருடைய பிறந்த தேதியை அன்றைக்கு நான் குத்துமதிப்பாகப் போட்டதாக ஞாபகம். மனைவியின் பெயரும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் வேறு மாதிரி இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்துத் தன் தொலைபேசியிலேயே செய்து தருவதாக மகன் சொல்கிறான். விடலாமா? செய்யாமலே இருந்தால் என்ன ஆகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மகனைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும், தொலைபேசியையும் கொடுக்கட்டும். ஆனால் தன் மின்னஞ்சலில் உங்களையும் தாயையும் பதிந்துவிடக் கூடாது. அடையாளத்தைச் சரிபார்க்கத் தொடங்க வேண்டிய அரசின் ‘ஒன் லாகின்’ இணையக் கணக்கு ஓர் ஆளுக்கு ஒன்று. நம் வீடுகளில் கரண்ட் பில்லிலிருந்து விமான டிக்கெட் வரை எல்லாம் பிள்ளையின் மின்னஞ்சலுக்கே வரும், அந்தப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் தாயின் அடையாளத்தைத் தன் கணக்கில் ஏற்றிவிட்டான். பிறகு சொந்தமாகக் கம்பனி தொடங்கப் போனபோது அரசாங்கத்தின் பார்வையில் அவன் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியாக இருந்தான். சிரித்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்கினோம், ஆனால் முடிக்க மூன்று வாரம் ஆனது. ஆகவே மனைவிக்கென்று ஒரு மின்னஞ்சலை இன்றைக்கே தொடங்குங்கள். கடவுச்சொல்லை அவரே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டிஃபில் இருக்கும் கம்பனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ் நீண்ட காலமாக வெறும் தபால் பெட்டியைப் போலத்தான் இருந்தது. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். 2013இல் ஒருவர் இந்த ஓட்டையைக் காட்டுவதற்காகவே, அப்போது வர்த்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரை இயக்குநராகப் போட்டு ஒரு கம்பனியைப் பதிந்து காட்டினார். 2018இல் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நின்றவரும் அவர்தான். ஓட்டையைக் காட்டியவருக்கு அபராதம், ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. 2023 ஒக்டோபரில் பொருளாதாரக் குற்றங்களுக்கும் கம்பனி வெளிப்படைத்தன்மைக்குமான சட்டம் நிறைவேறிய பிறகுதான் அதை அடைக்கும் வேலை தொடங்கியது. 2025 ஏப்ரல் 8 முதல் விரும்பியவர்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 2025 நவம்பர் 18 முதல் அது கட்டாயமாயிற்று. புதிதாக இயக்குநராகச் சேருகிறவர் முதலில் தம்மைச் சரிபார்த்துவிட்டுத்தான் சேர முடியும். உங்களைப் போலப் பழைய இயக்குநர்களுக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருடத்துக்குள் உங்கள் கம்பனியின் உறுதிப்படுத்தல் அறிக்கை எப்போது விழுகிறதோ அதுதான் உங்கள் கெடு.

உங்கள் தேதி ஆகஸ்ட் 9. அறிக்கையை அதிலிருந்து 14 நாட்களுக்குள், அதாவது ஆகஸ்ட் 23க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஒவ்வோர் இயக்குநரின் சரிபார்ப்புக் குறியீட்டையும் கேட்கும். பதினொரு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அது. அது ஆளுக்குச் சொந்தம், கம்பனிக்கு அல்ல. மூவரில் ஒருவரிடம் அது இல்லாவிட்டாலும் அறிக்கை நகராது. இணையத்தில் அறிக்கை கொடுக்க இப்போது 50 பவுண்டு, ஆனால் அடையாளச் சரிபார்ப்பை நீங்களே செய்தால் காசு இல்லை. ‘குறியீடு பெற்றுத் தருகிறோம், அரசுக் கட்டணம் இவ்வளவு’ என்று யாராவது எழுதினால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குறியீடு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். குறியீட்டை ஒவ்வொரு பொறுப்புடனும் தனித்தனியாக இணைக்க வேண்டும். நீங்கள் இயக்குநர் மட்டுமல்ல, கால்வாசிக்கு மேல் பங்கு வைத்திருப்பதால் ‘பி.எஸ்.சி.’, அதாவது கம்பனியில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உள்ளவரும்கூட. அண்ணாவும் அப்படியே. இயக்குநர் என்ற முறையில் குறியீடு அறிக்கையுடன் போகும். பி.எஸ்.சி. என்ற முறையில் ஆகஸ்ட் 9க்கு அடுத்து வரும் 14 நாட்களுக்குள் அதே குறியீட்டை மறுபடியும் தனியாகக் கொடுக்க வேண்டும். மனைவிக்குப் பத்து வீதமே என்பதால் அவருக்கு இந்த இரண்டாவது வேலை இல்லை. கம்பனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் உங்கள் கம்பனியைத் தேடி, ஆட்களின் பட்டியலைத் திறந்தால் யாருக்கு எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழேயும் போட்டிருக்கும். நான் சொல்வதை நம்புவதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

அந்தப் பக்கத்தைத் திறந்த கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். மனைவியின் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, பதிவேட்டில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இங்கே முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். நமக்கோ தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கந்தையா சிவராசா என்பவர் விசாவில் ஒரு மாதிரி, குடியுரிமைச் சான்றிதழில் தலைகீழாக, பதிவேட்டில் ‘சிவா’ என்று சுருங்கி நிற்பார். மனைவிமார் பாடு இன்னும் மோசம். ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர், மற்றொன்றில் கணவரின் சொந்தப் பெயரே குடும்பப்பெயர். சாந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை எச் என்று ஒரே வீட்டில் இரண்டு பத்திரங்கள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வேறுபட்டால் உலகம் அழிந்துவிடாது. குறியீட்டை இணைக்கும்போது பதிவேட்டுப் பெயரும் சரிபார்த்த பெயரும் ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்கும். உண்மைக் காரணத்தைச் சொல்லலாம். ஆனாலும் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே பதிவேட்டையும் முன்கூட்டித் திருத்திவிடுவதுதான் என் வழக்கம். அதற்குக் கட்டணம் இல்லை. அடுத்து வங்கிக்காரர் கேட்கும்போதும் தலைவலி இருக்காது.

பிறந்த தேதி அப்படியல்ல. அது பொருந்தாவிட்டால் குறியீடு ஒட்டவே ஒட்டாது. அண்ணாவின் தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டேன் என்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பதிவேட்டில் பொதுமக்களுக்கு மாதமும் வருடமும்தான் தெரியும், நாள் மறைந்திருக்கும். ஆகவே மாதம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். 2012இல் கம்பனி பதிந்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி வீட்டிலோ, அன்றைய கணக்காளரிடமோ இருக்கும். அதைத் தேடி எடுங்கள். தப்பு என்றால் திருத்தத்துக்குத் தனிப் படிவம் உண்டு, அது முடிய நாட்கள் பிடிக்கும். இப்போதே தொடங்கினால் போதும், ஆகஸ்டில் தொடங்கினால் போதாது. இன்னொரு விஷயமும் அண்ணாவிடம் கேட்டுவிடுங்கள். அவர் வயதுக்காரர் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடும் தேதி வேறு. நமக்கு வேண்டியது கடவுச்சீட்டில் அச்சாகியிருக்கும் தேதி மட்டும்.

நீங்களும் மனைவியும் செய்ய வேண்டியது சுலபம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் சிப் இருக்கிறது. அட்டையில் ஒரு சிறு செவ்வகமும் அதன் நடுவே ஒரு வட்டமும் பொறித்திருக்கும், அதுதான் அடையாளம். ஒன் லாகின் செயலி முதலில் படம் உள்ள பக்கத்தைப் படம்பிடிக்கும், பிறகு தொலைபேசியைக் கடவுச்சீட்டின் மேல் வைக்கச் சொல்லும். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். தொலைபேசியின் உறையைக் கழற்றிவிடுங்கள். கடவுச்சீட்டை மேசைமேல் அசையாமல் வைத்து, அதன் மேல் தொலைபேசியை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். இரும்பு மேசையாக இருந்தால் வேறு இடத்துக்குப் போங்கள், உங்கள் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் முயலவே வேண்டாம். அடுத்து முகத்தைப் பார்க்கும். திரை நிறம் மாறி மாறி மின்னும். அப்படி மின்னுவது ஒத்துக்கொள்ளாத உடல்நிலை உள்ளவர்கள் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் ஒரே தடவையில் முடியும். தற்போதைய விலாசத்தையும் அங்கே எந்த வருடம் குடிவந்தீர்கள் என்பதையும் கேட்கும், அதை ஞாபகப்படுத்தி வைத்திருங்கள். கடவுச்சீட்டு கைவசம் இல்லாதவருக்கு வேறு வாசல்களும் உண்டு. இந்நாட்டு டிரைவிங் லைசென்ஸ் போதும். வங்கிக் கணக்கும் தேசிய காப்புறுதி எண்ணும் வைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். இணையத்தில் தொடங்கிவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போய் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம்.

அண்ணாவுக்கு இந்த வாசல் எதுவும் திறக்காது. செயலி எந்த நாட்டின் சிப் உள்ள கடவுச்சீட்டையும் ஏற்கும், ஆனால் இன்று நம் ஆட்கள் கையில் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டில் சிப் இல்லை. இந்தியாவில் இருக்கும் உறவினரை இயக்குநராக வைத்திருக்கும் வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அண்மைக் காலமாகத்தான் சிப் உள்ள கடவுச்சீட்டு கொடுக்கிறார்கள். பழையது செல்லுபடியாகும், ஆனால் இந்தச் செயலிக்கு உதவாது. அண்ணாவிடம் பிரிட்டிஷ் லைசென்ஸோ, இங்கே வங்கிக் கணக்கோ இருக்கப்போவதில்லை.

மிச்சம் இருப்பது ஒரே வழி. கம்பனீஸ் ஹவுஸில் அங்கீகாரம் பெற்ற முகவர் ஒருவர் அவரைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் கம்பனி பதிந்து கொடுப்பவர்களுமே இப்படி அங்கீகாரம் பெறுகிறார்கள். பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிரிட்டனில் ஒரு மேற்பார்வை அமைப்பின் கீழ் இருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். ஆகவே யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒருவர் ‘லண்டன் வேலை, நான் முடித்துத் தருகிறேன்’ என்றால் அவருடைய பெயரை கம்பனீஸ் ஹவுஸ் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகுதான் அண்ணா கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். உங்கள் கணக்காளரையும் இதையே கேளுங்கள். இருபது வருடம் கணக்குப் பார்த்தவர் என்பதற்காக அவருக்கு அங்கீகாரம் இருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும், வெளிநாட்டில் இருப்பவரைச் சரிபார்க்க எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. என்னென்ன பத்திரம் வேண்டும், அசல் வேண்டுமா, ஆளை நேரில் பார்க்க வேண்டுமா அல்லது வீடியோவில் போதுமா, கட்டணம் எவ்வளவு என்ற நாலு கேள்வியையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டைத் தவிர இன்னொரு பத்திரமும் கேட்கக்கூடும். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள பத்திரம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். கடவுச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று சொல்லுகிறவரிடம் போகவே வேண்டாம்.

அண்ணாவுக்காக நீங்களே கேமராவுக்கு முன்னால் உட்காரலாமா என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள், ‘எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு’ என்று. அது ஆள்மாறாட்டம். இந்தச் சட்டமே அதைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறது.

செய்யாமல் விட்டால்? சரிபார்க்காமல் இயக்குநராகத் தொடர்வது குற்றம். அவரும் மாட்டுவார், கம்பனியும் மாட்டும். வழக்குப் போடாமலே தண்டம் விதிக்கும் அதிகாரமும் இப்போது கம்பனீஸ் ஹவுஸுக்கு உண்டு. ஆனால் உங்களை முதலில் தாக்கப்போவது அதுவல்ல. அண்ணாவின் குறியீடு இல்லாமல் அறிக்கை போகாது. அறிக்கை போகாவிட்டால் கம்பனி கெடு தவறியதாகப் பதிவேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மொத்த வியாபாரி கடன் கொடுக்கும் முன் அதைத்தான் பார்ப்பார். இன்னும் இழுத்தடித்தால் கம்பனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து வெட்டுவார்கள். வெட்டினால் கம்பனி பெயரில் உள்ள பணமும் பொருளும் அரசுடைமை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பத்திரம் வந்து சேராத காரணத்தால் லெஸ்டரில் கடையின் வங்கிக் கணக்கு முடங்கும்.

இதெல்லாம் ஒரு பக்கம். நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அண்ணா ஏன் இன்னும் இயக்குநர்?

‘பெயருக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஆட்களின் கம்பனிகளில் பாதிக்கு மேல் இந்தப் ‘பெயருக்கு’ நிற்பதை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பணம் தந்த மைத்துனர், மரியாதைக்காக மாமா, அதிர்ஷ்டத்துக்காக அம்மா. சட்டத்தில் பெயருக்கு இயக்குநர் என்று ஒரு வகை கிடையாது. கையெழுத்துப் போடாதவரும் கடையைப் பார்க்காதவரும் உங்கள் அளவுக்கே பொறுப்பாளி. ஊர்ச்சங்கங்கள் நிலைமை இதைவிட மோசம். இங்கே பல கோயில்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் பழைய மாணவர் சங்கங்களும் பங்குகளே இல்லாத, ‘உத்தரவாத வரம்புள்ள’ கம்பனியாகப் பதிந்தவை. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் சட்டப்படி இயக்குநர். அண்மையில் ஒரு சங்கத்தின் பட்டியலைத் திறந்தோம். பதினொரு பேர். அதில் மூவர் கனடாவில். ஒருவர் தலைவரோடு கோபித்துக்கொண்டு ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒருவர் காலமாகிவிட்டார், அஞ்சலிக் கூட்டமே அந்தச் சங்கம்தான் நடத்தியது, பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. தொண்டு நிறுவன ஆணைக்குழுவில் மட்டும் பதிந்த சி.ஐ.ஓ. வகை அமைப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கோயிலோ பள்ளியோ எந்த வகை என்று செயலாளரைக் கேளுங்கள். நீங்களும் அங்கே குழுவில் இருந்தால் அதே குறியீட்டை அங்கேயும் கொடுக்க வேண்டும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

அண்ணா உண்மையில் நிர்வாகத்தில் இல்லை, இருக்க விருப்பமும் இல்லை என்றால் அவர் முறைப்படி பதவி விலகலாம். விலகல் கடிதம் ஒன்று எழுதி, 14 நாட்களுக்குள் கம்பனீஸ் ஹவுஸுக்கு அறிவிக்க வேண்டும். கடிதத்தில் பழைய தேதியைப் போடாதீர்கள். ஆகஸ்ட் 9க்கு முன் விலகிவிட்டால் அறிக்கையில் இயக்குநராக அவருடைய குறியீடு தேவைப்படாது. ஆனால் அதோடு அவர் தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முப்பது வீதப் பங்கு கையில் இருக்கும் வரை அவர் பி.எஸ்.சி. தான், அந்த வகையில் சரிபார்ப்பு வேண்டும். இயக்குநராக இல்லாத பி.எஸ்.சி.க்குக் கெடு அவர் பிறந்த மாதத்தின் முதல் 14 நாட்கள். விலகல் பதிவானதும் அவருடைய பெயருக்குக் கீழே என்ன தேதி காட்டுகிறது என்று மறுபடியும் பாருங்கள்.

‘அப்படியென்றால் பங்கையும் என் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்’ என்று அவசரப்படாதீர்கள். அது அண்ணாவின் சொத்து. சும்மா கொடுத்தாலும் சந்தை விலைக்குக் கொடுத்ததாக வரிக்காரர் பார்க்கக்கூடும். இரு நாட்டு வரியும் பார்க்க வேண்டும். ஒரு குறியீட்டைத் தவிர்ப்பதற்காகக் குடும்பத்தில் பங்குப் பேச்சைத் தொடங்கி, இரண்டு வருடம் கழித்து என்னிடம் தகராறாக வந்தவர்களும் உண்டு. பங்கு இருக்கட்டும். முகவர் ஒருவரைப் பிடித்து அவரைச் சரிபார்ப்பது அதைவிட மலிவு.

ஆகவே இந்த வாரமே அண்ணாவைக் கூப்பிடுங்கள். கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி, பெயர் எழுத்து, கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள் மூன்றையும் அவர் வாசிக்க நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும், தொடர்ந்து இயக்குநராக இருக்க விருப்பமா என்று நேராகவே கேளுங்கள். பதினான்கு வருடத்தில் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கோடையில் அங்கே நாலரை மணி நேரம் முன்னால். நீங்கள் காலை ஆறு மணிக்குக் கடை திறக்குமுன் எடுத்தால் அங்கே பத்தரை, வெயில் ஏறுமுன் ஆளைப் பிடித்துவிடலாம்.